பிரிக்காத மூன்று கவர்கள்

மார்ச் 3

என் சோடாபுட்டிக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. இருக்கிறேன், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? நீ இங்கே இருந்த பதினைந்து நாளும் அந்தப் படுக்கைப் பெரியவரை யார் புரட்டிப் போட்டார்கள்? வீட்டுக்கார அம்மா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாளா? எல்லாம் எழுது. போன் பண்ணலாமே என்பாய். மூக்குக்குப் பின்னால் இருந்த கட்டிக்குக் கரண்ட் வைத்ததிலிருந்து என் இடது காதில் எந்நேரமும் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். வலது காதில் வைத்தாலும் நீ எங்கோ தொட்டிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. நாலு வார்த்தை பேசினால் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஐந்தாம் வகுப்பு எழுத்து உனக்குப் புரிந்தால் சரி.

சர்டிபிகேட் வந்துவிட்டது. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். கரண்டால் கண்ணுக்குப் பாதிப்பு எதுவும் இல்லை, மருந்துக் குப்பி பார்க்கும் பரிசோதனை மேசையில் வேலை பார்க்கலாம் என்று எழுதியிருப்பதாகக் கம்பெனி நர்ஸ் படித்துச் சொன்னாள். அது உன் கண்ணுக்குக் கிடைத்த சர்டிபிகேட் என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

நினைத்தால் பயமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. எண் பலகையை நானே படித்துவிட்டேன். வலது கண்ணால் பார்த்தபோதே எல்லா எண்ணையும் மனசில் போட்டுக்கொண்டு, அந்தக் கண்ணை மூடச் சொன்னதும் கடகடவென்று ஒப்பித்தேன். ஆனால் உள்கண்ணைப் படம் பிடிக்கும் மெஷினிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கரண்ட் பட்ட கண்ணில் இரத்தக் குழாய் கசிந்தால் படத்தில் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்துவிடும் என்று போன வருடமே அந்தப் படக்காரப் பெண் சொல்லியிருந்தாள். எனக்கோ ஒரு மாதமாக இடது கண்ணின் நடுவில் எண்ணெய் தடவிய கண்ணாடி மாதிரி இருக்கிறது. தெரிந்தால் மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அவரும் போய், வேலையும் போய், நான் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வேன்?

அதைச் சொல்லி அழுததற்குத்தானே ஆஸ்பத்திரிப் பெஞ்சில் என் கையிலிருந்த பெயர்ச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாய். "ரெண்டு பேரும் ஒரே அச்சு. முக்காட்டைக் குடு, நான் போறேன்" என்றாய். சீட்டு வைத்திருப்பவள் கண்ணில் நர்ஸ் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போனாள், மூஞ்சியை யார் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றி என் பையில் போட்டுவிட்டு நீ கதவைத் தேடிச் சுவரைத் தடவினாய் பார், எனக்கு உயிரே போய்விட்டது. "மருந்து ஏறிடுச்சுபோல, பாத்து வாங்கம்மா" என்று படக்காரப் பெண்ணே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். இருட்டு அறை, ஒரு நாளைக்கு ஐம்பது பேர். அவள் மூஞ்சியைப் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்க்கிறாள்.

புருஷனை அனுப்பி வைத்துவிட்டு நின்றவளுக்கு நீ செய்தது பெரிய காரியம். இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. வீட்டுக்கார அம்மா மூஞ்சியைத் தூக்கி வைக்கவில்லை, இன்னும் இறக்கவே இல்லை என்பதுதான் சரி. பெரியவருக்கு முதுகில் புண் வந்துவிட்டது. எனக்குப் பதிலாக வந்தவள் அவரைப் புரட்டவே இல்லை. என்னைப் பார்த்ததும் அந்த மனுஷர் அழுதார் அக்கா. பேச்சு இல்லாதவர், கண்ணால் மட்டும் அழுதார்.

அவருக்குத் தினம் ஒரு ஊசி போட வேண்டும். மருந்துக் குப்பியை எடுக்கும்போதெல்லாம் நீ சொல்லிக் கொடுத்த மாதிரி முதலில் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடிக்கிறேன், அப்புறம் வெள்ளைச் சுவருக்கு முன்னால். கண்ணாடிச் சில்லு கறுப்பில் மினுங்கும், தூசி வெள்ளையில் தெரியும் என்பாயே. இது என் அக்கா பார்த்த குப்பியாக இருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். உடனே இன்னொரு நினைப்பும் வருகிறது. உன் இடது கண் அப்படி இருக்கும்போது ஒரு சில்லு தப்பிப் போனால்? கோபித்துக்கொள்ளாதே. உனக்குப் பதிலாக மெஷின் முன்னால் நான் உட்கார்ந்தது உனக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கட்டும் என்றுதான். அதற்குள் சூப்பர்வைசரிடம் கேட்டு நீயாகவே வேறு இடத்துக்கு மாறிக்கொள். அந்தக் கண்ணையும் உள்ளபடி காட்டி மருந்து வாங்கு.

மாமாவின் போனை அணைத்து வைத்துவிட்டாயா? ஒரு நாள் மனசு கேட்காமல் அவர் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை.

சொட்டு மருந்து விட்ட கண் இரண்டு நாள் கூசிக்கொண்டே இருந்தது. இப்போது சரி.

உன் சோடாபுட்டி


ஏப்ரல் 9

என் கண்ணு சோடாபுட்டிக்கு,

ஒரு விஷயம் நடந்துவிட்டது. பதற வேண்டாம்.

கண் ஆஸ்பத்திரியிலிருந்து என் பெயருக்கு ஒரு கவர் வந்தது. வெள்ளைக் கவர், ஓரத்தில் சிவப்பு முத்திரை. நீ ஊருக்குத் திரும்பிய வாரத்திலேயே வந்தது, உனக்குச் சொல்லவில்லை. போன திங்கள்கிழமை இரண்டாவதும் வந்தது, அதே முத்திரை. உள்ளே இங்கிலீஷ்தான் இருக்கும். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வேறு எதற்கு இரண்டு தடவை எழுதுவார்கள்?

அவர் இருந்தால் பிரித்துப் படித்திருப்பார். பத்தொன்பது வருடம் லிஃப்டுக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து மாடிக்கு மாடி எழுதியிருக்கும் கம்பெனி போர்டுகளைப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்ட மனுஷர். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான் தொட்டதில்லை. வந்ததும் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன், சாப்பிட்டுக்கொண்டே படித்துச் சொல்வார். கடைசி நாள் அந்த ஸ்டூலிலேயே சுவரில் சாய்ந்தபடி போயிருக்கிறார். அதற்கப்புறமும் நாலு பேர் ஏறி இறங்கினார்களாம், தூங்குகிறார் என்று அவர்களே பட்டனை அமுக்கிக்கொண்டு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போட்டோவை மாட்டினேனே தவிர இன்னும் நேராகப் பார்க்கவில்லை.

இரண்டு கவரையும் அந்தப் போட்டோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன். பிரிக்கவில்லை. கம்பெனியில் யாரிடம் காட்டினாலும் கதை வெளியே வந்துவிடும். பிரித்தால் கிடைத்தது என்று ஆகும். பிரிக்காத கடிதம் எனக்கு வந்து சேராத கடிதம். கேட்டால் தபாலில் தொலைந்திருக்கும் என்று சொல்லிவிடுவேன். ஆஸ்பத்திரியில் கொடுத்திருப்பது அவர் போன் எண்தான், அதுவும் பெட்டியில் கிடக்கிறது.

யார் கேட்டாலும் அன்றைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. என் மேல் ஆணையாக.

வேலை நடக்கிறது. தலையைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு வலது கண்ணால் பார்த்துவிடுகிறேன். பக்கத்து மேசைக்காரி "என்னக்கா, குப்பியோட கோபமா, ஓரமாப் பாக்குற?" என்று கேட்கிறாள். கழுத்து பிடித்துக்கொண்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மாமா பற்றி எழுதியிருந்ததைப் பெரியவருக்கும் படித்துக் காட்டினேன். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

அந்தக் கவர்களைப் பிரித்துத்தான் பாரேன் அக்கா. கண்டுபிடித்திருந்தால் கம்பெனிக்கு எழுதியிருப்பார்கள், உன்னை அன்றைக்கே எழுப்பிவிட்டிருப்பார்கள். எனக்கு என்னவோ உறுத்துகிறது. தெரிந்தவர்கள் வேண்டாம் என்றால் போகிற வழியில் மருந்துக் கடைக்காரரிடம் காட்டு. அவருக்கு நீ யார் என்றா தெரியும்?

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பத்து நாளாக என் வலது கண்ணின் ஓரத்தில் சட் சட்டென்று வெளிச்சம் வெட்டுகிறது. யாரோ பின்னால் நின்று தீக்குச்சி கிழிக்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. முதல் நாள் பயந்து "யாரது?" என்று கத்திவிட்டேன், பெரியவர் திடுக்கிட்டுப் போனார். கண்ணை மூடினாலும் வெட்டுகிறது. வலி இல்லை, சிவக்கவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். "இப்பத்தான் லீவு போட்டே, மறுபடியும் ஆரம்பிக்காதே" என்கிறாள். டிசம்பரில் லீவு வரும்போது கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். கண் விஷயத்தில் நம் வீட்டிலேயே நீதான் அனுபவஸ்தி. கரண்ட் வைத்தபோது உனக்கு இப்படி ஏதாவது வந்ததா? காட்டத்தான் வேண்டும் என்று நீ சொன்னால் சண்டை போட்டாவது போகிறேன்.

உன் சோடாபுட்டி


மே 19

என் சோடாபுட்டிக்கு,

பயந்தாங்கொள்ளி! அது ஒன்றும் இல்லை. எனக்கு அச்சு அசலாக அதே மாதிரி வந்தது. முகத்தில் வலை மூடியைப் போட்டு மேசையோடு பூட்டிக் கரண்ட் விடுவார்கள் இல்லையா, அப்போது மூடிய கண்ணுக்குள் நீல வெளிச்சம் பளிச் பளிச்சென்று வெட்டும். நானும் உன்னை மாதிரிதான் கத்தினேன். "அது நரம்புல வர்ற வெளிச்சம்மா, தானாப் போயிடும்" என்றார் கரண்ட் ரூம்காரர். அவர் சொன்ன மாதிரியே கரண்ட் முடிந்த கையோடு போய்விட்டது. உனக்குக் கரண்டே இல்லை, வெறும் அலுப்பு. படுக்கைக்காரரைத் தூக்கித் தூக்கி நரம்பு இழுத்திருக்கும். ஒரு மாதம் பார், தானாகப் போகும். இதற்காக வீட்டுக்கார அம்மாவோடு சண்டை போட்டு இருக்கிற வேலையையும் கெடுத்துக்கொள்ளாதே. நம் இரண்டு பேரில் ஒருத்திக்காவது வேலை நிலையாக இருக்கட்டும்.

மூன்றாவது கவரும் வந்துவிட்டது. இதில் முத்திரை இரண்டு. தபால்காரர், "என்னம்மா, ஆஸ்பத்திரிக்காரங்க உங்க மேல ரொம்பப் பிரியமா இருக்காங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மருந்துக் கடை வரைக்கும் போனேன், உனக்காகப் போனேன். கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்டதும் தலைவலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போட்டோவுக்குப் பின்னால் மூன்றும் சேர்ந்ததில் சட்டம் சுவரோடு ஒட்டாமல் முன்னுக்குச் சாய்ந்து நிற்கிறது. உள்ளே நுழைந்தால் அவர் குனிந்து என்னைத்தான் பார்க்கிறார்.

என் இடது கண்ணில் நடுவே இப்போது ஒன்றும் இல்லை. உன் கடிதத்தை அந்தக் கண்ணால் பார்த்தேன். ஓரத்து வரிகள் இருக்கின்றன, நடுவில் ஒரு கை அகலத்துக்குக் காகிதமே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. ஒரு மாதம் பொறு என்றாய். உன் கடிதம் வந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

வெளிச்சம் வெட்டுவது குறைந்திருக்கிறது. ஆனால் போன வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து நிற்கிறேன், வலது கண்ணில் யாரோ கரித்தூளை அள்ளிக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. கொசு, கொசுவாகப் பறக்கிறது. சுவரில் கரப்பான் ஓடுகிறது என்று நினைத்து விளக்குமாற்றால் அடித்தேன். சமையல்காரம்மா "வெறுஞ் சுவத்தை ஏண்டி அடிக்கிறே?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

நேற்றிலிருந்து மூக்குப் பக்க ஓரத்தில் ஒரு நிழல். ஈரத் துணியைக் கொடியில் காயப் போட்டிருக்கிற மாதிரி தொங்குகிறது. தலையைத் திருப்பினால் அதுவும் கூட வருகிறது. இன்று காலை பார்த்தேன், கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது. பிரமையோ என்னவோ. பெரியவருக்கு ஊசி போடும்போது இடது கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். இப்போதுதான் புரிகிறது, நீ ஏன் குப்பியை ஓரமாகப் பார்க்கிறாய் என்று.

அந்த நீல வெளிச்சம் போனதற்கு முன்னால் உனக்கும் இப்படித் துணி மாதிரி வந்ததா? உடனே பதில் எழுது அக்கா. நான் நீ சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் சோடாபுட்டி


ஜூன் 24

என் தங்கமே,

இதைப் படிக்கும் நிமிடமே நீ கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். படித்துக்கொண்டு நிற்காதே, போ. யார் தடுத்தாலும் போ. விழித்திரையில் ஓட்டை என்று சொல். அது உரிந்துகொண்டிருக்கிறது என்று சொல். மீதியை வண்டியில் உட்கார்ந்து படி.

இன்று எங்கள் மேசைகளுக்குச் சோதனைத் தட்டு வந்தது. வேண்டுமென்றே குறை வைத்த பத்துக் குப்பிகளை நல்லதோடு கலந்து வைப்பார்கள், நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். என்றைக்கும் பத்துக்குப் பத்து எடுப்பவள் நான். இன்றைக்கு ஏழு. விட்ட மூன்றில் ஒன்றில் நகத்துண்டு அளவுக்குக் கண்ணாடிச் சில்லு. சூப்பர்வைசர் திட்டவே இல்லை. அதை என் முன்னால் வைத்து, "இது ஒரு குழந்தைக்குப் போற மருந்துக்கா" என்றார். பிப்ரவரியிலிருந்து நான் பார்த்து அனுப்பியதை எல்லாம் திருப்பி வரவழைத்துப் பார்க்கப் போகிறார்களாம். என்னைக் கையோடு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியில் வீட்டில் இறங்கி அந்த மூன்று கவரையும் எடுத்துக்கொண்டேன். இன்று காலைதான் வந்திருந்த உன் கடிதமும் பையில் இருந்தது.

இந்தத் தடவை நானே உட்கார்ந்தேன். தாடையைத் தாங்கியில் வைத்து, பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னாள் அதே படக்காரப் பெண். இடது கண்ணுக்கு அந்தப் புள்ளி தெரியவே இல்லை. படம் கம்ப்யூட்டரில் வந்தது. ஆரஞ்சு வட்டம், அதில் சிவப்பு சிவப்பாகத் தெறித்து, நடுவில் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி வெள்ளைத் திட்டுகள். பிப்ரவரிப் படத்தையும் போன வருடப் படத்தையும் எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். கையால் தொட்டுத் தொட்டு மூன்றையும் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, முதல் தடவையாக என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"அம்மா, நடுவுல இருக்கறது உங்க கண்ணு இல்ல."

"கரண்ட் வச்சதுல மாறியிருக்கும்மா" என்றேன்.

"கரண்ட் வச்சா குழாய் கசியும், அடைக்கும். மரத்தையே பிடுங்கிட்டு வேற மரம் நட்டுட்டுப் போகாது. கிளை பிரியற இடமே வேற. பிப்ரவரில இங்க உக்காந்தது யாரு?"

"என் தங்கச்சி" என்றேன்.

"அவங்களுக்கு ஆபரேஷன் ஆயிடுச்சா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன ஆபரேஷன் என்று கேட்டேன். கவர்களை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அவற்றைப் பார்த்தாள், திருப்பி ஒட்டு இருக்கும் பக்கத்தைப் பார்த்தாள். ஏமாற்றியதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணும் நான்தாம்மா போட்டேன். மூணுலயும் ஒரே விஷயம்தான்" என்றாள்.

சின்ன டாக்டர் கண்ணின் நடுவைப் பார்த்துக் கரண்ட் பாதிப்பு இல்லை என்று அன்றைக்கே சர்டிபிகேட் கொடுத்துவிட்டாராம். ஓரங்களைப் பார்ப்பது வாரம் ஒரு முறை வரும் பெரிய டாக்டர். அவர்தான் வலது கண்ணின் ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டையைப் பார்த்திருக்கிறார். கனமான கண்ணாடி போடுகிறவர்களுக்கு அப்படி வருமாம். ஒரு வாரத்துக்குள் வரச் சொல்லி எழுது என்று சொல்லியிருக்கிறார். பழைய படத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வந்திருந்தால் லேசரால் சுற்றி அடைத்துவிடுவார்களாம். பத்து நிமிஷ வேலையாம். வந்த வழியே நடந்து வீட்டுக்குப் போகலாமாம். போனும் போட்டுப் பார்த்தாளாம், அது உன் மாமாவின் போன்.

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். தீக்குச்சி என்று எழுதியிருந்த முந்தின கடிதத்தையும் வாயால் சொன்னேன். கொசுவைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டாள். ஈரத் துணியைப் படித்துவிட்டு, "இதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க?" என்று கேட்டாள். நான் என்ன போட்டேன் என்று உனக்குத் தெரியும்.

உன் வீட்டு எண்ணுக்கு அவளே இரண்டு தடவை போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நாளைக் காலை மறுபடி போடுகிறாள், நானும் அங்கே போய் நிற்பேன். போன் கிடைக்காமல் இந்தக் கடிதம் முதலில் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

போடி. போய்விடு.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

இதைச் சமையல்காரம்மா எழுதுகிறார். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றார்கள், படுத்தேன். கண்ணுக்குள் காற்று மாதிரி ஏதோ ஏற்றியிருந்தார்கள், நிமிர்ந்தால் அது விலகிவிடுமாம். இத்தனை வருடம் ஒருவரைப் புரட்டிப் போட்டேன், இப்போது புரளக் கூடாது என்கிறார்கள் என்று சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் போன் போட்டது ஜூன் 25. துணி முழுசாக இறங்கியது 13. பன்னிரண்டு நாள் நான் அந்தத் துணிக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருந்தேன், ஒரு மாதம் முடியட்டும் என்று. டாக்டர் கேட்டார், இவ்வளவு நாள் எதற்குக் காத்திருந்தாய் என்று.

வலது கண்ணில் இனி வெளிச்சமும் கை அசைவும்தான் தெரியும். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். இடது கண்ணிலும் ஓரிடம் மெலிந்திருந்தது, அதை லேசர் போட்டு அடைத்தார்கள். பத்து நிமிஷம்தான் ஆனது. சுவரில் கடிகாரம் இருந்தது, போகும்போதும் பார்த்தேன், வரும்போதும் பார்த்தேன்.

பெரியவரைப் பார்க்க வேறு ஆள் வந்துவிட்டாள். மாதக் கடைசி வரை இங்கே இருக்கலாம் என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். சமையல்காரம்மாவின் அக்கா வீட்டில் ஓர் அறை இருக்கிறது, முதல் தேதி அங்கே போகிறேன். கீழே அந்த முகவரி எழுதியிருக்கிறது. உன் வீட்டுக்கு வரவில்லை.

உன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டது நான். அதை உன் மேல் போட மாட்டேன். உனக்கு வந்த நீல வெளிச்சத்தை வைத்து நீ சொன்னாய், தெரிந்ததைச் சொன்னாய், அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் கவர்கள். உன் பெயர் போட்டிருந்தாலும் அவை எனக்கு வந்த கடிதங்கள் அக்கா. மூன்று பேர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நீ கதவைத் திறக்கவே இல்லை.

அவற்றைப் பிரிக்காமல் எனக்கு அனுப்பு. தேதி வரிசையில் அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தங்கை


ஆகஸ்ட் 4

தங்கைக்கு,

நீ கேட்டபடி மூன்று கவரையும் தேதி வரிசையில் அடுக்கி, நூல் சுற்றி, தனிக் கட்டாக நேற்று அனுப்பிவிட்டேன். அதில் நான் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது கவரின் ஒட்டு ஓரத்தில் கொஞ்சம் தூக்கியிருக்கும். போன வாரம் தண்ணீர் கொதிக்கும் ஆவியில் காட்டினேன். பிரிக்கப் போனேன், பிரிக்கவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கட்டுக்குள் நாலாவதாக ஒரு படம் இருக்கும். படக்காரப் பெண் கொடுத்தாள். பிப்ரவரியில் எடுத்த உன் வலது கண். ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறாள், அதற்குள்தான் அந்த ஓட்டை. அந்த வட்டம் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. மேசையில் உட்கார்ந்து இத்தனை வருடம் தூசியும் சில்லும் தேடியவள் நான், எனக்கே தெரியவில்லை. மற்றபடி முழுசாக, நல்ல கண். அது உன்னுடையது, அதனால் அனுப்பினேன். ஒரு நாள் என்னிடம் இருந்தது.

திரும்பி வந்த பெட்டிகளில் இரண்டு குப்பியில் சில்லு இருந்ததாம், யாருக்கும் போடுவதற்கு முன்னால் பிடித்துவிட்டார்கள். என்னைப் பெட்டி மடிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குக் கண் அவ்வளவு வேண்டாம், விரல் போதும். இடது கண்ணுக்குள் மாதம் ஒரு ஊசி போடுகிறார்கள். இருக்கிற ஓரத்தையாவது காப்பாற்றலாம் என்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம். சீட்டை நானே கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். போன தடவை ஊசிக்குப் போனபோது பக்கத்தில் இருந்த அம்மா, "கூட யாரும் வரலியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

போட்டோ இப்போது சுவரோடு ஒட்டிக்கொண்டது. அவர் நேராகப் பார்க்கிறார்.

நீ எழுத வேண்டாம் என்றாய், எழுதிவிட்டேன். அதனால்தான் இதைக் கட்டுக்குள் வைக்காமல் தனிக் கவரில் போடுகிறேன். உறைமேல் என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், கையில் வாங்கியதுமே யாருடையது என்று தெரிய வேண்டும் என்று. பிரிப்பதும் பிரிக்காததும் உன் இஷ்டம். பிரிக்காமல் எங்காவது செருகி வைத்துவிட்டாயானால், இது உனக்கு வந்து சேராத கடிதம் என்று நானும் இருந்துவிடுகிறேன்.

அக்கா